பழைய செட்டுக்கு ப்ளூடூத்: முதலில் அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

பரணில் பழைய வேட்டி சுற்றி வைத்த ஆம்ப்ளிஃபயர், ஹாலில் பூச்சாடி வைக்கும் மேடையாகிப்போன மினி ஹைஃபை செட்டு, இரண்டில் ஒன்று பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. கேசட் கிடையாது, சிடி தேய்ந்துவிட்டது, பாட்டெல்லாம் போனில் இருக்கிறது. "இதை வெச்சுக்கிட்டு என்ன செய்ய?" என்று பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். அந்தக் காலத்து மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டும் நல்ல நிலையில் இருந்தால், உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கர் எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. சில நூறு ரூபாயில் ஒரு சின்னப் பெட்டியும் ஒரு கேபிளும் வாங்கினால் போன் பாட்டு அதில் ஓடும்.

கடையில் எல்லோரும் கேட்பது "எந்த ப்ளூடூத் நல்லா இருக்கும்?" என்றுதான். நான் இதுவரை வீட்டிலும் சொந்தக்காரர் வீடுகளிலுமாக ஏழெட்டு செட்டுகளுக்கு இந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஒரு தடவைகூட அந்தப் பெட்டியால் தகராறு வந்ததில்லை. வந்ததெல்லாம் இரண்டே இடத்தில்: செட்டின் பின்பக்கம் எந்த ஓட்டையில் சொருகினோம், அந்தச் சின்னப் பெட்டிக்குக் கரண்ட் எங்கிருந்து கொடுத்தோம். அதனால் இந்தக் கட்டுரையும் அங்கேதான் அதிக நேரம் நிற்கும்.

செட்டு உயிரோடு இருக்கிறதா

பல வருஷம் கரண்ட் பார்க்காத செட்டை எடுத்ததும் நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் காய்ந்து போயிருக்கலாம், பல்லி முட்டையோ எலி கடித்த வயரோ இருக்கலாம். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் 'சீரீஸ் பல்ப்' என்று ஒன்று வைத்திருப்பார்கள். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை, செட்டுக்குப் போகும் கரண்ட் பாதையில் நடுவே மாட்டிவிடுவதுதான் அது. ஸ்விட்சைப் போட்டதும் பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் செட்டு பிழைக்கும். எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட். உடனே அணைத்துவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். இதற்கு எல்இடி பல்பு உதவாது, பழைய குண்டு பல்புதான் வேண்டும். இதை நீங்களே கட்ட வேண்டாம், தெரு முனை எலக்ட்ரீஷியனிடம் கேட்டால் அவரிடமே ஒன்று இருக்கும்.

செட்டு ஓடுகிறது, வால்யூம் திருகும்போது 'கர கர' என்கிறது, ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்றால் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் தூசி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை வால்யூம் குமிழின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருபது முறை திருகுங்கள். ரேடியோ, டேப், ஆக்ஸ் என்று மாற்றும் ஸ்விட்சுக்கும் அதே வைத்தியம். தேங்காய் எண்ணெய் விடச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

முதுகில் என்ன எழுதியிருக்கிறது

இப்போது செட்டைத் திருப்புங்கள். டார்ச் அடித்து, ஓட்டைகளுக்கு மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் சிவப்பும் வெள்ளையுமாக, அல்லது சிவப்பும் கறுப்புமாக ஜோடி ஜோடியாக வட்டச் சாக்கெட்டுகள் இருக்கும். இதற்குப் பெயர் ஆர்சிஏ. சிவப்பு வலது, வெள்ளையோ கறுப்போ இடது.

ஆக்ஸ், லைன் இன், சிடி, ட்யூனர், டேப் இன், டேப் பிளே, விசிஆர், டிவிடி: இதில் எது எழுதியிருந்தாலும் சரி. பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான்: வெளியிலிருந்து வரும் பாட்டை உள்ளே வாங்குவது. 'ட்யூனர்' என்று எழுதிய ஓட்டையில் ப்ளூடூத்தைச் சொருகினால் ஒன்றும் கெட்டுவிடாது. முன்பக்க ஸ்விட்சையும் ட்யூனரில் வைத்தால் போதும்.

'டேப் அவுட்', 'ரெக்' என்று எழுதியது பாட்டு வெளியே வரும் வழி. அதில் சொருகினால் சத்தமே வராது. 'மைக்' ஓட்டை மிகச் சின்ன சிக்னலுக்கானது, அதில் கொடுத்தால் பாட்டு கிழியும். ஸ்பீக்கர் வயர் மாட்டும் இடத்தைத் தொடவே வேண்டாம்.

'ஃபோனோ' என்று எழுதிய ஜோடியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், நானே அதில் விழுந்தவன் என்பதால். அப்பாவின் ஆம்ப்ளிஃபயரில் ஆக்ஸில் டிவி இருந்தது, டேப்பில் டெக் இருந்தது. ஃபோனோ மட்டும் காலி. சொருகினேன். கிணற்றுக்குள்ளிருந்து ஒருவர் பாடுவது போல, பேஸ் மட்டும் தடதடவென்று, குரல் கிழிந்து வந்தது. பெட்டிதான் மட்டம் என்று முடிவு கட்டி, வாங்கிய கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். கடைப் பையன் பெட்டியைத் தொடக்கூட இல்லை.

"எந்த ஓட்டையில சொருகுனீங்கண்ணே?"

"காலியா இருந்ததுல."

"ஃபோனோவா?"

அவனுக்குத் தினமும் நாலு பேர் இப்படி வருவார்கள் போல.

விஷயம் இதுதான். ஃபோனோ ஓட்டை இசைத்தட்டு பிளேயருக்கானது. இசைத்தட்டில் ஓடும் முள் தருவது ஏறக்குறைய 5 மில்லி வோல்ட். ப்ளூடூத் பெட்டி தருவது ஒரு வோல்ட் சுமார், அதாவது இருநூறு மடங்கு. போதாததற்கு, இசைத்தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, கீச்சு ஒலியைக் கூட்டி வெட்டுவார்கள். பள்ளங்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கவும், தட்டின் இரைச்சல் அடங்கவும் அந்த ஏற்பாடு. ஃபோனோ ஓட்டைக்குப் பின்னால் இருக்கும் சர்க்யூட் அதைத் தலைகீழாக்கும்: 20 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறக்குறைய 20 டெசிபல் தூக்கும், 20,000 ஹெர்ட்ஸ் பக்கம் அதே அளவு அமுக்கும். ஒழுங்காக இருக்கும் பாட்டை அதன் வழியே விட்டால் கிணற்றுச் சத்தம்தான் வரும். வேறு ஓட்டை இல்லையென்றால் டெக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைக் கொடுங்கள். எத்தனை நாளாயிற்று அதில் கேசட் போட்டு?

டேப் இடத்தில் மாட்டினால் ஒரு குறிப்பு. சில ஆம்ப்ளிஃபயர்களில் அதற்குத் தனி ஸ்விட்ச் கிடையாது, 'டேப் மானிட்டர்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினால்தான் ப்ளூடூத் பேசும். அமுக்கியபடியே விட்டுவிட்டால் ரேடியோ பேசாது. மறுநாள் காலை அப்பா "செட்டைக் கெடுத்துட்டியே" என்பார்.

ஆர்சிஏவே இல்லாமல், ஐந்து ஓட்டைகள் அரைவட்டமாக இருக்கும் சாக்கெட் மட்டும் இருந்தால் அது டின் சாக்கெட். ஐரோப்பியப் பாணியில் செய்த செட்டுகளில் நிறைய வரும். அதற்கு டின்னிலிருந்து ஆர்சிஏவுக்கு மாற்றும் ரெடிமேட் கேபிள் கிடைக்கிறது. நாலு ஆர்சிஏ முனைகள் இருக்கும் கேபிளாக இருந்தால் இரண்டு ஜோடியையும் மாற்றி மாற்றிச் சொருகிப் பாருங்கள். ஒரு ஜோடி உள்ளே போகும் வழி, இன்னொன்று வெளியே வரும் வழி. நீங்களே சால்டர் வைப்பதாக இருந்தால்: நடு பின், அதாவது 2, எர்த். டேப்பிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குள் போகும் இடது 3, வலது 5.

அனுப்புறதா, வாங்குறதா

ப்ளூடூத் பெட்டிகளில் இரண்டு ஜாதி. ஒன்று டிரான்ஸ்மிட்டர், டிவி போன்ற ஒன்றில் மாட்டி ஹெட்போனுக்குப் பாட்டை அனுப்புவது. இன்னொன்று ரிசீவர், போன் அனுப்புவதை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்குத் தருவது. நமக்கு வேண்டியது ரிசீவர். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். என் மாமா ஆன்லைனில் டிரான்ஸ்மிட்டர் வாங்கிவிட்டு, போனில் பெயரே வரவில்லை என்று இரண்டு நாள் தேடிக்கொண்டிருந்தார். இரண்டும் சேர்ந்த பெட்டியும் உண்டு, பக்கவாட்டில் சின்ன ஸ்விட்ச் இருக்கும். அதில் ஆர்எக்ஸ் என்பது ரிசீவர்.

சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லா வகையும் கிடைக்கும். ஆனால் கண்ணில் முதலில் படுவதை வாங்காதீர்கள். யூஎஸ்பி பிளக்கோடு விரல் நீளத்தில் வரும் குச்சி வகைதான் மலிவு. காருக்கு ஓகே, வீட்டுச் செட்டுக்கு இரைச்சல் தரும் வாய்ப்பு அதிகம். பின்னால் நேரடியாக ஆர்சிஏ ஜோடி இருக்கும், மேசையில் உட்காரும் பெட்டியாக வாங்குங்கள். கொஞ்சம் விலை கூட. பேட்டரி உள்ள வகை எனக்குப் பிடிக்காது, பாதிப் பாட்டில் படுத்துவிடும்.

பெட்டி அட்டையில் ஏஏசி, ஆப்டெக்ஸ், எல்டாக் என்று வரிசையாக எழுதியிருக்கும். பாட்டை எப்படிச் சுருக்கி அனுப்புவது என்பதற்கான முறைகள் அவை. எந்தப் பெட்டியிலும் கட்டாயம் இருப்பது எஸ்பிசி, அதுவே வழக்கமான உயர்ந்த தரத்தில் நொடிக்கு 328 கிலோபிட் வரை போகும். ஐபோன்காரர்கள் ஏஏசி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஐபோனில் எஸ்பிசியை விட்டால் அதுதான். எல்டாக் 990 வரை போகும், ஆனால் நீங்கள் கேட்கப்போவது வாட்ஸ்அப்பில் வந்த பாட்டு என்றால் அந்தக் காசுக்கு இன்னொரு கேபிள் வாங்கலாம். டிவியின் சத்தத்தை ப்ளூடூத் வழியே இதே ரிசீவருக்கு அனுப்பலாமா என்று கேட்டால், வேண்டாம். உதடு அசைந்து கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வரும். டிவிக்கு வயரே நல்லது.

மாட்டும் முறை

ஆம்ப்ளிஃபயரை அணைத்து, வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். ரிசீவரில் ஆர்சிஏ இருந்தால் ஆர்சிஏ கேபிள். ஹெட்போன் ஓட்டை போல 3.5 மி.மீ. சாக்கெட் இருந்தால், ஒரு முனையில் ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் இரண்டு ஆர்சிஏவும் உள்ள கேபிள். வாங்கும்போது பின்னில் கறுப்பு வளையம் இரண்டு இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று மட்டும் இருந்தால் மோனோ, மூன்று இருந்தால் மைக்கும் சேர்ந்த போன் கேபிள். ஒரு மீட்டர் நீளம் போதும். நீளமாக வாங்கிச் சுருட்டி டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் போட்டால் இரைச்சலை நாமே அழைத்து உட்கார வைத்த மாதிரி.

ரிசீவருக்குக் கரண்ட் கொடுங்கள். விளக்கு வேகமாக மின்னும். போனில் ப்ளூடூத்தைத் திறந்து, புதிதாக வந்திருக்கும் பெயரைத் தொடுங்கள். பழைய மாடல் பின் நம்பர் கேட்டால் 0000, அது எடுக்காவிட்டால் 1234. இப்போது ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, ஸ்விட்சை ஆக்ஸுக்குத் திருப்பி, மெல்ல வால்யூமைத் தூக்குங்கள். இந்த 'மெல்ல' முக்கியம். சில பெட்டிகள் இணைந்ததும் ஒரு அம்மணி உரத்த குரலில் ஆங்கிலத்தில் அறிவிப்பார். மரப்பெட்டி ஸ்பீக்கரில் இரவு பத்து மணிக்கு அவர் பேசினால் கீழ்வீட்டுக்காரர் எழுந்து வருவார்.

போனில் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு, கூட்டுவது குறைப்பதை ஆம்ப்ளிஃபயர் குமிழில் செய்யுங்கள். போனைக் குறைத்து ஆம்ப்ளிஃபயரைத் தூக்கினால் பாட்டோடு சேர்ந்து புஸ்ஸென்ற சத்தமும் பெரிதாகும். அப்புறம் போனின் ப்ளூடூத் பக்கத்தில், அந்தப் பெயருக்கு எதிரே இருக்கும் பல்சக்கரப் படத்தைத் தொட்டு, கால் வருவதற்கான ஸ்விட்ச் இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேங்கிலிருந்து வரும் கால் ஹால் முழுக்கக் கேட்கும்.

மலிவான பெட்டிகள் பின் நம்பரே கேட்காது, யார் வேண்டுமானாலும் சேரலாம். எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமி பாட்டு முடிந்து போனை எடுத்துக்கொண்டு நான் மாடிக்குப் போன இடைவெளியில், எதிர் ஃப்ளாட் பையன் சேர்ந்து ஒரு குத்துப்பாட்டைப் போட்டுவிட்டான். விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்ததும் ரிசீவரின் ஸ்விட்சை அணைப்பது நல்லது.

இரைச்சல்

பாட்டு ஓடுகிறது, ஆனால் பாட்டு நிற்கும்போது பின்னால் 'ம்ம்ம்' என்றோ 'கிர்ர்' என்றோ ஒரு சத்தம். பத்துப் பேர் மாட்டினால் நாலு பேருக்காவது இது வரும் என்பது என் கணக்கு. ஒன்றையும் வாங்காமல் முதலில் இதைச் செய்யுங்கள்.

பாட்டை நிறுத்துங்கள், வால்யூம் பாதியில் இருக்கட்டும். ரிசீவரின் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி, அதே கேபிளை ஒரு பவர் பேங்கில் சொருகுங்கள். இரைச்சல் போய்விட்டதா? குற்றவாளி சார்ஜர். போன் சார்ஜர்கள் கரண்டை வேகமாக வெட்டி வெட்டி 5 வோல்ட்டாக்குகின்றன. அந்த வெட்டின் மிச்சம் கேபிள் வழியே ஆம்ப்ளிஃபயருக்குள் போய் ஒலியாகிறது. வேறொரு நல்ல சார்ஜரைப் போட்டுப் பாருங்கள், பாதித் தொல்லை அதிலேயே தீரும். பவர் பேங்கையே நிரந்தரமாக வைக்கலாமே என்று தோன்றும். ரிசீவர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால், போன் சார்ஜாகி முடிந்துவிட்டது என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தானாக அணைந்துவிடும்.

பவர் பேங்கிலும் சத்தம் வருகிறதா? ஆம்ப்ளிஃபயர் பக்கம் ஆர்சிஏ இரண்டையும் பிடுங்குங்கள். அப்போதும் 'ம்ம்ம்' நிற்கவில்லையென்றால் அது செட்டின் சொந்தச் சத்தம், பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வயதாகிவிட்டன. அவை மாற்றவேண்டியவை, ஆனால் அது மெக்கானிக் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் கரண்ட் தங்கியிருக்கும், விரல் வைக்கக் கூடாது.

செட்டில் கேபிள் டிவி பெட்டியோ கம்ப்யூட்டரோ சேர்ந்திருந்து, அதைக் கழற்றினால் சத்தம் போகிறது என்றால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது. அதற்குக் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று தீப்பெட்டி அளவில் ஒன்று விற்கிறார்கள். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள், பாட்டு போகும், எர்த் இணைப்பு போகாது. பேஸ் ஒரு மயிரிழை குறையும், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. செட்டின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். இரைச்சல் போகலாம். ஆனால் ஒருநாள் செட்டின் உடம்பில் கரண்ட் இறங்கினால் உங்களைக் காப்பாற்ற அந்தப் பின் இருக்காது.

பாட்டு விட்டு விட்டு வந்தால் அது வேறு நோய். ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் இருக்கின்றன. சமையலறையில் பால் சுடவைக்கும்போது மட்டும் பாட்டு திக்கினால் காரணம் தெரிந்ததுதானே. ரிசீவரை ஸ்டீல் பீரோவுக்குப் பின்னாலோ ஆம்ப்ளிஃபயரின் தகரத்துக்குப் பின்னாலோ ஒளித்து வைக்காமல் மேலே எடுத்து வையுங்கள்.

லோக்கல் அசெம்பிள் செட்டு

டீக்கடையிலும் வீட்டிலுமாக நம்மூரில் ஆயிரக்கணக்கில் ஓடிய 4440 என்ற ஐசி சிப்பில் கட்டிய ஆம்ப்ளிஃபயர் உங்களிடம் இருந்தால், வெளியே பெட்டி வைப்பதைவிட முன்பக்கத்தில் யூஎஸ்பி, எஃப்எம், ப்ளூடூத் எல்லாம் சேர்ந்த போர்டைப் பதிப்பதுதான் வழக்கம். ரிமோட்டோடு வரும். சால்டர் பழக்கம் இருந்தால் நீங்களே செய்யலாம். ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் 12 வோல்ட் என்றால் டயோடும் கெப்பாசிட்டரும் தாண்டி வருவது 15, 16 வோல்ட். போர்டில் 12 என்று எழுதியிருந்தால் நடுவே வோல்ட்டை 12-இல் நிறுத்தும் 7812 ரெகுலேட்டர் ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் சூடேறியே சாகும். இரண்டாவது, ஒரே சப்ளையிலிருந்து ஆம்ப்ளிஃபயரும் போர்டும் சாப்பிடும்போது 'கிர்ர்' நிச்சயம். 5 வோல்ட் போர்டாக இருந்தால் பி0505எஸ் என்ற குட்டிப் பாகத்தை நடுவில் போடலாம். 5 வோல்ட் வாங்கி, எர்த்தைப் பிரித்து, 5 வோல்ட் தரும். ஆனால் ஒரு வாட்தான் தாங்கும், 200 மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கும் போர்டுக்கு ஒத்துவராது. அதற்குத் தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போட்டுவிடுங்கள்.

ரேடியோவும் டேப்பும் சேர்ந்த, பின்னால் ஓட்டையே இல்லாத டூ-இன்-ஒன்னுக்கு, கேசட் வடிவ அடாப்டர்தான் சுலபம். டேப் மெக்கானிசம் சுற்ற வேண்டும், பெல்ட் தாராக உருகிப் போயிருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். சத்தத்தின் பின்னால் பல்சக்கரம் உருளும் ஒலி லேசாகக் கேட்கும். எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வைத்து ரேடியோ வழியாகக் கேட்பதும் ஒரு வழி. நான் அதைக் காரோடு நிறுத்திக்கொள்வேன்.

கடைசியாக வால்வு ரேடியோ, அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களில் ஓடும் பழைய வகை. அலமாரியில் மரப்பெட்டியோடு அழகாக இருக்கும், பின்னால் இசைத்தட்டுக்கான இரண்டு ஓட்டைகளும் இருக்கும், கை அரிக்கும். பெரியப்பா தன் ரேடியோவுக்குக் கேட்டபோது பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றி வால்வுகளின் பெயரைப் பார்த்தேன்: யூசிஎல் 82, யூஒய் 85. யூ என்று தொடங்கினால் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் நேரடியாக வீட்டுக் கரண்டில் ஓடும் வகை. உள்ளே இருக்கும் தகடு முழுவதும் 230 வோல்ட்டில் இருக்கக்கூடும், பிளக்கை எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினோம் என்பதைப் பொறுத்தது. அதில் கேபிளைச் சொருகினால் மறுமுனையில் இருக்கும் போன் சார்ஜரும் தொடும் கையும் அந்தக் கரண்டோடு சேர்ந்துவிடும். ஈ என்று தொடங்கும் வால்வுகள் இருந்தாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் போட்ட செட்டுகள் உண்டு, பெயரை மட்டும் பார்த்து நம்ப முடியாது. வால்வு தெரிந்த மெக்கானிக் சோதித்துச் சொன்னால் ஒழிய நான் மாட்ட மாட்டேன்.

"அப்ப இது சும்மா பொம்மைதானா?" என்றார் பெரியப்பா. பின்மூடியைத் திருகி மூடிவிட்டு, ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரை ரேடியோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் கொடுத்தேன். வருகிறவர்களிடமெல்லாம் ரேடியோதான் பாடுகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.